உள்ளங்கை அகலத் தாள்

நிர்மலாவின் வயிற்றில் இருந்த புற்றுநோய் இனி மருந்துக்கு அடங்காது, அடுத்த வருஷத்தைப் பார்ப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது தை மாதம். வெளியே வந்தபோது ஒரு நர்ஸ், மனசில் இருப்பதைத் தினமும் எழுதினால் பாரம் கொஞ்சம் குறையும் என்றாள். கலைவாணன் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பாவம், அவனும் வேறு எதைத்தான் பிடிப்பான்! அன்றைக்கே மிஷன் வீதிக்கு ஸ்கூட்டரை விட்டு, கெட்டி அட்டை போட்ட தடி நோட்டு ஒன்றை வாங்கி வந்து பெண்டாட்டியிடம் கொடுத்தான்.

நிர்மலா அதைக் கையில் தூக்கி எடை பார்த்தாள்.

"இத்தனை பக்கம் ரொம்பற அளவுக்கா எனக்கு வலி வரணும்? இன்னாயா உன் நெனப்பு?"

நோட்டு பீரோவுக்குள் போனது. அவளுக்குப் பிடித்தது தினசரி காலண்டர் தாள்தான். அவள் பில் போட்டுக்கொண்டிருந்த ஜவுளிக்கடையில் கொடுத்த காலண்டர், கருவடிக்குப்பத்து வீட்டுக் கூடத்தில் தொங்கியது. காலையில் காபியோடு முந்தின நாள் தாளையும் கிழித்துக் கட்டிலுக்குக் கொண்டுபோவது கலைவாணன் வேலை. அதன் வெறும் முதுகில் அவள் பென்சிலால் எழுதுவாள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அன்றைய வலி, பயம், ஆத்திரம் எல்லாம் அதற்குள் அடங்கிவிட வேண்டும் என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். எழுதியதை அவனுக்கும் படித்துக் காட்டுவாள். "விடியும்போதே இடுப்பு விண்ணென்று தெறிக்கிறது. பக்கத்து வீட்டில் வஞ்சிரம் வறுக்கிறார்கள். வயிறு வேண்டாம் என்கிறது, மூக்குக்குப் புத்தியில்லை. சாகப் பயமாக இருக்கிறது. இந்த ஆளுக்கு ரசம் வைக்கக்கூடத் தெரியாது." தாள் நிறைந்ததும் பென்சிலைப் போட்டுவிடுவாள். அப்புறம் நோயைப் பற்றி மூச்சு விடமாட்டாள். கடைப் பெண்களின் வம்பு, டிவி சீரியல், அவன் வைத்த ரசத்துக்கு வசவு என்று பொழுது போய்விடும்.

அவனுக்கோ அந்தக் காலண்டரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வரும்போது செங்கல் கனத்தில் இருந்தது, ஐப்பசிக்குள் ஒல்லியாகிவிட்டது. அவளுடைய நாட்களைத் தன் கையாலேயே பிய்த்துப் பிய்த்துத் தீர்க்கிறோம் என்று ஓர் எண்ணம் மண்டைக்குள் புகுந்துகொண்டது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் புகுந்தது போக மாட்டேன் என்றது. ஒருநாள் காலையில் தாளைப் பிடித்தவன் கிழிக்காமலே விட்டுவிட்டான்.

தாள் எங்கே என்று அவள் கேட்டதற்கு மழுப்பினான். பீரோவில் கிடந்த நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்து, இன்றைக்கு இதில் தாராளமாக எழுது என்று சொல்லிவிட்டு, லாஸ்பேட்டை கல்லூரிக்கு அட்டெண்டர் வேலைக்குக் கிளம்பினான். கூடத்துக்கு எழுந்து வர அவளுக்குத் தெம்பு இல்லை.

மனசு கேட்காமல் மத்தியானமே திரும்பி வந்தான். நிர்மலாவின் முகம் அழுது வீங்கியிருந்தது. காபி ஆடை படிந்து அப்படியே இருந்தது. நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள், இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். அவன்தான் பென்சிலைப் பிடுங்கினான்.

"இதுல முடிவே இல்லயா. எழுத எழுத வந்துக்கினே இருக்குது. எனக்கு அந்தச் சின்னத் தாளக் குடு."

அவன் கதவு வழியே கூடத்துக் காலண்டரைப் பார்த்தபடி நின்றான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீ கிழிக்கலன்னா நாளு நின்னுடுமாயா?"

கூடத்துக்குப் போய் ஒரு மூச்சு அழுதான். பிறகு தாளைக் கிழித்து வந்து கொடுத்தான். அதன்பின் ஒருநாளும் தவறவில்லை. எழுத்து மட்டும் வரவரக் கோணிப் பெருத்துக்கொண்டே போனது. கடைசியில் "இடுப்பு" என்ற ஒரு சொல்லுக்கே தாள் சரியாகப் போய்விட்டது.

கார்த்திகை மழையில் ஒரு காலையில் அவள் போய்விட்டாள். அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்தது.

மறுநாள் விடிந்ததும் கலைவாணன் பழக்கத்தில் தாளைக் கிழித்துக்கொண்டு கட்டிலுக்குப் போனான். கட்டில் காலி. பென்சில் ஜன்னலில் கிடந்தது. உட்கார்ந்து தாளைத் திருப்பித் தொடைமேல் வைத்து, வாழ்க்கையில் முதல்முறையாக மனசில் இருப்பதை அவனும் எழுதினான்.

"இன்று வலி இல்லை."

அதற்குமேல் எழுத அவனுக்கு ஒன்றும் வரவில்லை. அவள் தினமும் நிறைத்துவிடும் அந்தத் தாளில் எவ்வளவோ இடம் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவன் வாய்விட்டு அழுதான்.