ஓர்க்குக்கு வாய் கிடையாது

"ஓர்க்கும் காப்ளினும் ஒண்ணுதான்க்கா," என்றான் இயக்குநர், ஒப்பனை அறைக் கதவில் சாய்ந்துகொண்டு. நாடகம் தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லை.

எனக்குத் தலை கிர்ரென்றது. இத்தனை மாதமாக அவன் சொன்னபடிதான் ரப்பர் முகமூடிகள் செய்துகொண்டிருந்தேன். ஓர்க் என்றால் வாட்டசாட்டமான முரட்டுப் பூதம், முன்வரிசையில் நின்று அடிக்கும். பேச்சு கிடையாது, உறுமல்தான். காப்ளின் குள்ளப் பூதம், பேசியே ஆளைக் கவிழ்த்துவிடும்.

"யார் சொன்னது?"

"நெட்ல படிச்சேன். நிறைய கதையில ரெண்டும் ஒரே பூதம்தான், பேருதான் வேற."

"நிறைய கதையில வேற வேற பூதம். அதை விடு தம்பி, நம்ம கதையில எப்படி?"

"நம்ம கதையிலயும் ஒண்ணாக்கிட்டேன். காப்ளின் தலைவன் வேண்டாம். அந்த வசனத்தை ஓர்க் தலைவனே பேசிடட்டும்."

ஓர்க் தலைவனாக நடிப்பது இயக்குநரின் மச்சான். காப்ளின் தலைவன் என் வீட்டுக்காரர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தக் குழுவில் ஈட்டி பிடித்து நிற்கிற மனுஷனுக்கு முதன்முதலாகக் கிடைத்த வசனம் அது. குளிக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் அவர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்.

அவரோ மூலையில் உட்கார்ந்து செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஏதாவது சொல்லுங்களேன்."

"விடும்மா. நாடகம் நல்லா நடந்தா சரி."

மச்சான் முகமூடியை மாட்டிக்கொண்டு வசனத்தை ஆரம்பித்தான். "ம்ம், ம்ம்ம்" என்றுதான் வந்தது. பின்னே வராதா? ஓர்க் பேசாது என்பதால் வாயை மூடிப் பல்வரிசையை ஒட்டியிருந்தேன். மூச்சுக்கு மூக்கில் ஓட்டை மட்டும். அசைகிற தாடை காப்ளின் முகமூடிக்குத்தான். அதுவும் என் வீட்டுக்காரர் முகத்தில் அச்சு எடுத்தது, மச்சான் தலை பாதிகூட நுழையாது.

"வாயைக் கொஞ்சம் வெட்டி விடுங்கக்கா," என்றான் இயக்குநர்.

"வெட்டினா மொத்தமா கிழிஞ்சிடும். இப்ப சொல்லு, ரெண்டும் ஒண்ணா?"

அவன் முகமூடியின் பல்வரிசையை விரலால் நெம்பிப் பார்த்தான். நன்றாக மாட்டிக்கொண்டான் என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

"தம்பி, நான் திரைக்குப் பின்னாடி நின்னு பேசிடறேன். அவரு கையை ஆட்டினா போதும்."

அந்த முகமூடியாலேயே அவரை ஒரு போடு போடலாம் போலிருந்தது.

காட்சி வந்தது. அவர் குரல் கணீரென்று கடைசி வரிசைவரை போயிற்று. கைதட்டல் அடங்கவே இல்லை. மேடையில் மச்சான் தலை குனிந்து வணங்கினான். திரைக்குப் பின்னால், காப்ளின் உடையில், வெறும் முகத்தோடு இவரும் வணங்கினார். இவரைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

"பாத்தீங்களாக்கா, ஒருத்தருக்கும் வித்தியாசமே தெரியல," என்றபடி இயக்குநர் எங்களைக் கடந்து மேடைக்கு ஓடினான்.

என் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக என்னிடம் வந்தார்.

"நல்லா பேசினேனாம்மா?"

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தது.

"பூதத்துக்காக நல்லாத்தான் பேசினீங்க," என்றேன். "உங்களுக்காக ஒரு வார்த்தை பேசத்தான் வாய் வரல."