பரண்மேல் ஒரு சரித்திர நாவல், கீழே ஷோபனா

1

இந்தக் கதையின் முதல் வரைவை எழுதியவர் ஒரு நெஞ்சு மருத்துவர். நான் பிறகுதான் வந்து சேர்ந்தேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவர் எழுதிக்கொடுத்தவை எட்டே வரிகள்: கொசுவர்த்தி, சாம்பிராணி, கம்பளி, திரைச்சீலை, பஞ்சு பொம்மை, கரப்பான், ஈரச்சுவர், பழைய தாள். கீழே, 'இவை இருக்கும்வரை இழுப்பும் இருக்கும்.' இவ்வளவு சுருக்கமாக நான் எதையும் எழுதியதில்லை.

தொடக்கங்களை முயன்று பார்த்தேன்.

பருத்திப்பட்டு ஏரியின்மேல் பனி ஒரு வெண்பட்டாய்... (அடித்துவிட்டேன். மே மாதம்.)

ஷோபனாவின் நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி... (அவளே படித்துவிட்டாள். "எனக்கு மூச்சே வரல, உங்களுக்குப் பூனை வருதா?")

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன்.

2

கோவிந்தராஜ் என்று ஓர் எழுத்தாளன். மனைவி ஷோபனாவுக்கு அம்பத்தூரில் ஐ.டி. வேலை. ஆபீஸில் நாள் முழுக்க நன்றாக இருப்பவள், பருத்திப்பட்டு ஃபிளாட்டுக்குள் நுழைந்த அரைமணியில் இழுக்க ஆரம்பிப்பாள்.

சனிக்கிழமை காலை, கோவிந்தராஜ் மருத்துவரின் சீட்டோடு களத்தில் இறங்கினான். திரைச்சீலைகளைக் கழற்றினான். மாமியார் கொடுத்த கம்பளியை மூட்டை கட்டினான். கல்லூரித் தோழிகள் ஷோபனாவுக்குக் கொடுத்த கரடி பொம்மையை வெந்நீரில் முக்கி, காதைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டான். எதிர்வீட்டு சம்பத் வந்து, "காலி பண்றீங்களா சார்? சொல்லவே இல்ல?" என்று கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சுது" என்றான் கோவிந்தராஜ்.

ஷோபனா சீட்டை வாங்கி எண்ணினாள். "ஏங்க, எட்டாவது என்ன?"

"அதுமேல காபி கொட்டிடுச்சு."

(தற்செயலாகக் கொட்டியது என்றுதான் முதலில் எழுதினேன்.)

3

இங்கே எனக்குக் கோவிந்தராஜ்மேல் சந்தேகம் வந்தது. மனைவிக்கு மூச்சு முட்டும்போது எவனாவது காபியைக் கொட்டி மறைப்பானா? வாசகர் நம்பமாட்டார். பாத்திரத்தை மாற்றலாம் என்று யோசித்தேன். முடியவில்லை, ஏனென்றால் கோவிந்தராஜ் நான்தான்.

பரணில் பதினோரு அட்டைப்பெட்டிகள். உள்ளே, இருபது வருடமாக நான் கையால் எழுதிவரும் சரித்திர நாவல். அறுநூறாம் பக்கத்தில் அரசர் குதிரைமேல் ஏற எழுந்திருப்பார். ஆயிரத்து நானூறாம் பக்கத்திலும் ஏறியிருக்கமாட்டார். ஆனாலும் நல்ல அரசர். அவரை எப்படி வெளியே போடுவது?

4

ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வேலைக்கு வரும் முனியம்மா ஒட்டடை அடிக்க ஏணி போட்டு ஏறினார்.

"இன்னா சார், இத்தினி பொட்டி கீது?"

"அதைத் தொடாதீங்க முனியம்மா!"

தொட்டுவிட்டார். ஈரம் தின்ற அடி அட்டை பிய்ந்துகொண்டது. மந்திரிகளும் யானைப்படையும் கூடத்தில் கொட்டினார்கள். கூடவே கரப்பான்கள், இருபது வருடத் தூசி. சத்தம் கேட்டு ஷோபனா ஓடிவந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் வேடிக்கையாக எழுத முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. ஏதோ சொல்ல வந்து ஒரு சொல்லோடு நிறுத்தினாள். என் நாவலில் நூறு இளவரசிகள் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். மூச்சு விடுவது இத்தனை பெரிய வேலை என்று அதில் எங்குமே எழுதவில்லை.

பதற்றத்தில் கையில் கிடைத்ததை எடுத்து அவளுக்கு விசிறினேன்.

"யோவ் சார்!" முனியம்மா கத்தினார். "அந்தத் தூசிப் பேப்பராலயே விசுர்றியே! அறிவு கீதா? அம்மாவ வெளிய இட்டுகினு போ!"

பதினேழாம் அத்தியாயத்தைக் கீழே போட்டேன். பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து இன்ஹேலரைக் கொடுத்தேன். டாக்டர் சொன்ன அளவுக்கு இழுத்தாள். நான் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால்மணி நேரம் கழித்து அது மெல்ல இறங்கியது.

"எட்டாவது," என்றாள், "பழைய பேப்பர்தானே?"

தலையாட்டினேன்.

5

முடிவுகள்:

(அ) எழுத்தாளன் கையெழுத்துப் பிரதியைக் கொளுத்துகிறான். (புகை. டாக்டர் கொன்றுவிடுவார்.)

(ஆ) "உங்க எழுத்துதான் என் மூச்சு" என்கிறாள் ஷோபனா. (சொல்லவில்லை. சொல்லவும்மாட்டாள்.)

(இ) நடந்தது: மறுநாள் பழைய பேப்பர்காரர் தேவா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பெட்டிகளை இறக்கினார். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "ராஜா இன்னும் கெளம்பலியா அண்ணாத்தே?" என்று கேட்டார். 

அடுத்த வாரம் ஆபீஸிலிருந்து வந்த ஷோபனா அரைமணி உட்கார்ந்தாள். ஒரு மணியும் ஆனது. பிறகு காபி கொட்டிய விஷயத்துக்காக, எங்கும் நிறுத்தாமல், ஒரே மூச்சில் என்னைத் திட்டித் தீர்த்தாள். இருபது வருடத்தில் நான் கேட்ட நல்ல வாக்கியம் அதுதான்.

"மூடி போட்ட டப்பா ஒண்ணு தரேன். அதுல அடங்குறத வச்சுக்கோங்க" என்றாள் கடைசியில்.

தேவாவுக்குத் தெரியாமல் ஒரே ஓர் அத்தியாயத்தை எடுத்து வைத்திருந்தேன். அரசர் எழுந்திருக்கும் அத்தியாயம். டப்பா அதிலேயே நிறைந்துவிட்டது. இப்போது இந்தக் கதையும் எழுதி முடிந்து, தாளாக என் கையில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மூடி மூடவில்லை.

எந்த ஒன்றை வைப்பது? சீக்கிரம் சொல்லுங்கள். ஷோபனா மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.