நீலப் பொட்டு

ஹமீது சுல்தான் கடையில் பழைய கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பொட்டு ஒட்டும் வழக்கம் உண்டு. மதுரை, பரமக்குடி பக்கமிருந்து வந்ததற்குப் பச்சைப் பொட்டு. பாம்பன், ராமேஸ்வரம் என்று கடலோரத்தில் ஓடிவிட்டு வந்ததற்கு நீலப் பொட்டு. நீலம் என்றால் உப்புக்காற்றைக் குடித்தது, எப்போது படுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. வாங்குகிறவரிடம் அதை வாயைத் திறந்து சொல்லித்தான் விற்க வேண்டும். இராமநாதபுரத்தில் இப்படியும் ஒரு யோக்கியமான கடை என்று ஊருக்குள் பேர். அந்தப் பேரில் பன்னிரண்டு வருஷமாகச் சோறு தின்றவன் முதுகுளத்தூர் மாரிச்செல்வம்.

மண்டபம் அகதி முகாமிலிருந்து டிலக்ஷனா முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது தன் கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து போனில் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற வேலை அவளுக்கு. வீட்டிலிருந்தே செய்து கொடுத்தால் மாதாமாதம் வேலை தருவதாக ஒரு ஸ்டுடியோக்காரர் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டரோ மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தால் கட்டி முடிக்க அரை நாள் எடுத்துக்கொண்டது. ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகும் என்று கேள்விப்பட்டு, ஆறாயிரம் ரூபாயோடு பஸ் ஏறியிருந்தாள்.

மாரிச்செல்வத்துக்குத் தொழில் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இது ஏதோ ஆபீஸ்ல ஓட்டிட்டுத் தள்ளிவிட்ட ஒல்லிப் பெட்டி, தங்கச்சி. இதுல முழு உசரக் கார்டு நிக்காது, அரை உசரந்தான் நிக்கும். பவர் சப்ளையும் சின்னது. தனியா கரண்டு வயர் கேக்காத கார்டாப் பாக்கணும். ரெண்டு ஜிபி வாங்கினா வீடியோவுக்குப் பத்தாது, நாலு வேணும்."

புதிது வாங்கினால் அவள் கையிலிருந்ததைப் போல இரண்டு மடங்கு ஆகும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் கடையில் ஒரே ஒரு கார்டுதான் மிஞ்சியது. அதன் நெற்றியில் நீலப் பொட்டு. பாம்பனில் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து மாரிச்செல்வமே அவசரப்பட்டு வாங்கி வந்தது. ஏழு மாதமாக விலைபோகவில்லை. "ஒன் பாம்பன் மாப்பிள்ளை இன்னும் வீட்டோடதான் இருக்காரா, மாரி?" என்று ஹமீது சுல்தான் தினமும் கேட்பார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்பார், இவனுக்குத்தான் சுருக்கென்றிருக்கும்.

மாரிச்செல்வம் கார்டை உள்ளறைக்கு எடுத்துப்போனான். ஓரத்தில் லேசாகப் பச்சைக் களிம்பு பிடித்திருந்ததைப் பல் விளக்கும் பிரஷில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தான். நீலப் பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தான். கடற்கரையிலிருந்து வந்தது கடற்கரைக்கே போகிறது, இதில் என்ன குடி முழுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "மதுரையில ஏசி ரூம்ல கெடந்தது" என்று கொடுத்தான். அவள் நம்பினாள். அந்தக் கடையில் யார்தான் நம்பமாட்டார்கள்?

ஆறு வாரம் கழித்து அந்தக் கார்டைத் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்றே மாரிச்செல்வம் நினைத்தான். சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"பிழை எங்கடதான் அண்ணா. படம் முழுக்கக் கோடு கோடா வந்து நிண்டுட்டுது. பக்கத்து வீட்டு அண்ணா கழட்டிப் பாத்திட்டு, உப்புக் களிம்பு எண்டு சொன்னவர். எங்கட யன்னல் கடல் பக்கம். அப்பா எந்த நேரமும் அதைத் திறந்து வைச்சிருக்கிறவர்."

தான் தேய்த்த அதே இடத்தில் களிம்பு மறுபடி பூத்திருந்தது. ஆறு வாரக் காற்றுக்கு அவ்வளவு தடிமன் வராது என்று அவனுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தான். ஹமீது சுல்தான் கல்லாவில் இருந்தார். வாய் மூடிக்கொண்டது.

"கம்பெனியில கேட்டுப் பாக்குறேன், தங்கச்சி. வர்ற ஞாயித்துக்கிழமை நானே வந்து மாட்டித் தாரேன்."

கம்பெனியாவது மண்ணாவது. தன் கைக்காசைப் போட்டு மதுரையிலிருந்து புதுக் கார்டு வரவழைத்தான். இத்தோடு பாவம் கழிந்தது என்றிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை முகாம் வாசலில் டிலக்ஷனா காத்திருந்து, அவன் பெயரை எழுதிக் கொடுத்து உள்ளே கூட்டிப்போனாள். வீட்டுக்கு வெளியே, சந்தில் விழுந்த ஒரு முழ நிழலில் அவளுடைய அப்பா விநாயகமூர்த்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் மூச்சுக்கு இழுக்கும் மருந்துக் குப்பி.

"வாங்கோ தம்பி. என்னால உங்களுக்கும் அலைச்சல்" என்று எழுந்தார்.

உள்ளே ஒரே அறை. தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்கு எதிரே இருந்த ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் பார்சல் டேப் ஒட்டியிருந்தார்கள். இரண்டு நிமிஷத்தில் மாரிச்செல்வத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அப்பா இதுக்க இருக்கமாட்டார். அவருக்குத் தொய்வு, மூச்சு முட்டும். கார்டு பழுதான நாளில இருந்து, ரெண்டு கிழமையா வெளியிலதான். ராவில பனிக்கு இன்னும் கூட இழுக்குது" என்றாள் டிலக்ஷனா. சொல்லும்போது அவள் அப்பா இருந்த பக்கம் பார்க்கவில்லை.

அவன் குனிந்துகொண்டு கார்டைச் செருகினான். திருகை முடுக்கி, திரையை இணைத்து, சுவிட்சைப் போட்டான். யாரோ ஒரு மணப்பெண் தங்குதடையில்லாமல் மணவறையைச் சுற்றி வந்தாள். டிலக்ஷனா கைதட்டினாள். மாரிச்செல்வம் பெருமூச்சு விட்டான். கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்தான்.

அப்போதுதான் விநாயகமூர்த்தி ஒரு சுத்தியலும் நீளமான மரச்சட்டமும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். வாயில் நாலு ஆணி. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினார்.

"டேப் நம்பேலாது தம்பி, பிஞ்சிரும். கம்பெனிக்காரன் ஒருக்கா மாத்தித் தந்தான், இன்னொருக்காத் தருவானே? நான் யன்னலுக்கு ஆணி அடிக்கப்போறன். நீங்கள் உயரம், இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் பிடியுங்கோ."

மாரிச்செல்வம் பிடித்தான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? புதுக் கார்டு கொண்டுவந்தால் எல்லாம் தீரும் என்று நினைத்தவன், அந்தக் கார்டுக்காகவே ஜன்னல் நிரந்தரமாக மூடப்போவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நின்றான். முதல் ஆணி பாதி இறங்கியது. பெரியவருக்கு நெஞ்சு விசிலடித்தது. சுவரில் கை ஊன்றிக்கொண்டு சுத்தியலை அவனிடம் நீட்டினார்.

"நீங்களே அடியுங்கோ. எனக்கு ஏலாது."

சுத்தியல் மாரிச்செல்வத்தின் கைக்கு வந்தது. இந்த ஒன்றை அடித்துவிட்டால் தான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"ஐயா, இது ஒங்க ஜன்னலால கெட்டுப்போகல. அந்தக் கார்டு பாம்பன்ல இருந்து வந்தது. ஏற்கனவே உப்பு புடிச்சது. நான் தெரிஞ்சேதான் வித்தேன். நீலப் பொட்டு ஒட்டியிருந்துச்சு, நாந்தான் உரிச்சேன். மதுரைன்னு பொய் சொன்னேன். இந்தக் கார்டும் கம்பெனி குடுக்கல, நான் வாங்கினது. ஜன்னலை எப்பவும்போல தொறந்து வைங்க. வாரத்துக்கு ஒரு தடவை தூசி தட்டி, வேல இல்லாதப்ப பெட்டிய ஒரு துணி போட்டு மூடினாப் போதும்."

திரையில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

டிலக்ஷனா அவன் கையிலிருந்த சுத்தியலை வாங்கினாள். ஒரு நொடி அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் அதைத் திருப்பிப் பிடித்து, பாதி இறங்கிய ஆணியைப் பிடுங்கினாள். டேப்பை ஒரே இழுப்பில் கிழித்து ஜன்னலைத் தள்ளினாள். கடல்காற்று உள்ளே வந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"கார்டுக்கு வேற கார்டு கொண்டுவந்தியள் அண்ணா. 'உங்கட ஒரு மூச்சுக்காக என்ட வேலையைக் கெடுத்திட்டியள்' எண்டு அப்பாவை ஏசினனான். நாலு பேர் கேக்கத்தான் ஏசினனான். அதுக்கு என்ன கொண்டுவருவியள்?"



விநாயகமூர்த்தி தன் நாற்காலியை உள்ளே இழுத்து வந்து ஜன்னலோரம் போட்டார். உட்கார்ந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார். பிறகு மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"அதை விடு பிள்ளை. தம்பி இந்த வெயிலுக்க வந்திருக்கிறார். தேத்தண்ணி வை, குடிச்சிட்டுப் போகட்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். மாரிச்செல்வம் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தான். அவள் டம்ளரை அவன் கையில் கொடுக்காமல் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனாள். அவன் எடுத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான்.