மாடிப்படி ஓரத்துக் கேபிள்

அந்த எடிட்டிங் கூடத்துக்கு அண்ணிதான் முதலாளி. அவளுடைய நாத்தனார் சின்னவள், பகலெல்லாம் வாசல் மேசையில் போன் எடுப்பவள். மாலை வகுப்பில் நெட்வொர்க் படிக்கிற தைரியத்தில், "படம் விக்கி விக்கி ஓடுறதை நானே சரி பண்றேன் அண்ணி" என்று வாயைக் கொடுத்துவிட்டாள். சரியாகாவிட்டால் நாளை வெளிக் கம்பெனிக்காரன் வருவான். அவள் மறுபடி போனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்.

படங்கள் எல்லாம் கீழ் அறை சர்வரில் இருந்தன. எடிட்டர்கள் ஐந்து பேரும் மாடியில். கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவே ஒரே ஒரு கேபிள். ஐந்து பேரும் ஒன்றாகப் படத்தைத் திறந்தால் திரை விக்கும். சின்னவள் இன்னொரு கேபிளை இழுத்து, இரண்டு ஸ்விட்சிலும் கேபிள் செருகும் போர்ட்டுகளை இரண்டிரண்டாக ஒரே இணைப்பாகச் சேர்த்தாள். ஒரு பக்கம் செய்து மறுபக்கம் விட்டால் வம்பு என்று, கால் வலிக்க ஏறி இறங்கிச் சரிபார்த்தாள்.

பழைய கேபிள் சுவருக்குள் பதித்த குழாய் வழியே போனது. புதியதை வேண்டுமென்றே மாடிப்படி ஓரமாகக் கொண்டுபோனாள்.

"என்னடி இது, துணி காயப்போடவா? பழைய குழாய்க்குள்ளயே விட வேண்டியதுதானே?"

"ரெண்டும் ஒரே வழில போனா, அறுந்தா ரெண்டும் சேர்ந்து அறுந்துடும் அண்ணி."

"வெளியாளுங்க வர்ற இடம். மதியம் வாடிக்கையாளருக்குப் படம் காட்டி முடிச்சதும் கழட்டிடு."

பிறகு அண்ணி ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துப் பார்த்தாள். நேற்று எவ்வளவு நேரம் ஆனதோ, அதே நேரம்.

"ரெட்டை வேகம்னியே? ஆமை வேகம்தான் இருக்கு!"

சின்னவள் வகுப்பு நோட்டைப் புரட்டினாள். தப்பாகப் படித்துவிட்டோமோ? இல்லை. "ஒரு கோப்பு ஒரு கேபிள்லதான் போகும் அண்ணி. கூட்டமாப் போனாத்தான் வித்தியாசம் தெரியும். எல்லாரையும் திறக்கச் சொல்லுங்க."

ஐந்து பேரும் திறந்தார்கள். ஒரு திரையும் விக்கவில்லை.

"அதிசயமா இருக்கே! திரை விக்குற நேரத்துல நான் போட்டுக்கிட்டிருந்த குட்டித் தூக்கமெல்லாம் போச்சு" என்றார் மூத்த எடிட்டர். அண்ணி மட்டும் பிடிகொடுக்கவில்லை. "வாடிக்கையாளர் பார்த்து முடிக்கட்டும், அப்புறம் பேசலாம்."

மதியம் வாடிக்கையாளர்கள் மாடியில் படம் பார்க்க உட்கார்ந்தார்கள். பாதிப் படத்தில், கீழே அலமாரி மாட்ட வந்த தச்சர் டிரில்லும் கையுமாக அசடு வழிந்தார்.

"அம்மா, சுவத்துல ஓட்டை போட்டேன். உள்ள இருந்து நீலமா ஏதோ அறுந்து வந்துச்சு..."

பழைய கேபிள்! அண்ணி இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஓடினாள். சின்னவள் பின்னாலேயே போனாள், ஆனால் ஓடவில்லை.

கதவை லேசாகத் திறந்தார்கள். படம் ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணி கதவைச் சாத்திவிட்டு மூச்சு வாங்கினாள். படி ஓரத்துக் கேபிளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு எட்டிக் கீழே குரல் கொடுத்தாள்:

"யோவ், இந்தப் படிக்கட்டுப் பக்கம் டிரில்லோட வந்தே, கையை உடைச்சிடுவேன்!"

சின்னவள் பக்கம் திரும்பினாள். "அந்தக் கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிடு. வாசல் மேசையில நீ தொடுற கடைசி போன் அதுதான். இனி நெட்வொர்க்கை நீயே பாத்துக்கோ."

"முதல்ல அறுந்ததை மாத்திடறேன் அண்ணி. இப்ப ஒத்தை வழிதான் இருக்கு" என்றபடி சின்னவள் கேபிள் சுருளை எடுக்கப் போனாள்.