புதுப் பதிப்பில் மாற்றிவிட்டார்கள்

உலகத்தின் துயரைத் துடைக்கவென்றே பிறந்தவர்கள் இரண்டே வகையினர்: துறவிகள், செவிலியர். துறவிகளுக்கு லைசென்ஸ் பரீட்சை கிடையாது. அவர்கள் முகத்தில் அவ்வளவு அமைதி இருப்பது அதனால்தான்.

அண்ணி அந்தப் பரீட்சையை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கோட்டை விட்டவள். முதல் முறை நிறைமாதம். கேள்வித்தாளைப் பார்த்த நேரத்தைவிட பாத்ரூம் கதவைப் பார்த்த நேரம் அதிகம். இரண்டாம் முறை வந்தது வேறு விதமான கோளாறு. நர்சிங் படித்து முடித்தும் லைசென்ஸ் இல்லாததால் ஒன்பது வருஷமாக அறுவைச் சிகிச்சை வார்டில் உதவியாளராகவே இருந்தவள், பரீட்சையிலும் வார்டில் நடப்பதையே எழுதிவிட்டாள். 'டாக்டருக்குப் போன் செய்தீர்கள். அடுத்து என்ன செய்வீர்கள்?' என்றொரு கேள்வி. டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வேன் என்பது புத்தகத்து விடை. அண்ணி, 'மறுபடியும் போன் செய்வேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். அவளுக்குத் தெரிந்த எந்த டாக்டரும் முதல் தடவையே போனை எடுத்ததில்லை.

அவள் ஆஸ்பத்திரிக்கே அண்ணி. அது நாத்தனாரின் கைங்கரியம். அவளைப் போலவே நர்சிங் முடித்து லைசென்ஸ் இல்லாத கணவனின் தங்கை அதே வார்டில் அதே உதவியாளர் வேலைக்கு வந்து சேர்ந்த முதல் நாள், "அண்ணி, பெட்பேன் எங்க வச்சிருக்கீங்க?" என்று எட்டுக் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். அன்றிலிருந்து வாட்ச்மேன் முதல், அவள் அப்பா வயதிலிருந்த சர்ஜன் வரை எல்லாருக்கும் அவள் அண்ணி.

போன வருஷக் கடைசியில் மேட்ரன் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள்: "நம்ம வார்டுல ஒரு நிரந்தர நர்ஸ் இடம் காலியாகுது. உங்கள்ல யார் முதல்ல லைசென்ஸோட வர்றீங்களோ, அவங்களுக்குத்தான்."

எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி அடக்கமாகத் தரையைப் பார்த்தாள். மூன்றாவது முறையும் தவறினால் மூன்று வருஷத்துக்கு விண்ணப்பமே போட முடியாது என்பது தரைக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

செய்தி வீட்டுக்கு வந்ததும் கணவன் கூட்டம் கூட்டினான். வீட்டில் அவனுக்கு நிர்வாகி என்று பெயர், வைத்துக்கொண்டது அவனேதான். ஆபீசில் அவனுக்குக் கீழே ஒரு பிரிண்டர் மட்டும் வேலை செய்தது. அதுவும் சொன்ன பேச்சு கேட்காது. அந்தக் குறையை அவன் சாப்பாட்டு மேஜையில் தீர்த்துக்கொள்வான்.

"இந்த வீட்ல பொண்டாட்டி, தங்கச்சிங்கிற பாகுபாடு கிடையாது" என்றான், எழுந்து நின்று. "ரெண்டு பேரும் ஒண்ணா படிப்பீங்க, ஒண்ணா எழுதுவீங்க, ஒண்ணா ஜெயிப்பீங்க. விண்ணப்பம், தேதி, அலைச்சல் எல்லாம் நிர்வாகத்தோட பொறுப்பு."

நாத்தனார் கை தட்டினாள். அண்ணிக்குக் கண் கலங்கியது. கையில் வெங்காயம் இருந்தது. ஆனாலும் கலங்கியது வெங்காயத்தால் அல்ல.

அண்ணி காலி மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அட்டை அட்டையாக வெட்டினாள். வெளிப்பக்கம் கேள்வி, உட்பக்கம் விடை. அறுநூற்றுச் சொச்சம் அட்டைகள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்வார்கள். அண்ணி கேட்பாள், நாத்தனார் சொல்வாள். பிறகு நாத்தனார் கேட்பாள், அண்ணி சொல்வாள். நடுவில் நிர்வாகி வந்து, "ம், நடக்கட்டும்" என்று அனுமதி கொடுத்துவிட்டு டிவி பார்க்கப் போவான்.

ஒரு புதன்கிழமை நாத்தனாருக்குப் பல்வலி. நிர்வாகியே ஆபீசுக்கு லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனான். மத்தியானம் கன்னத்தில் பஞ்சோடு திரும்பி வந்தவளுக்கு அண்ணி உப்புப் போட்டு வெந்நீர் கொடுத்தாள். இரண்டு நாள் எல்லாவற்றையும் குழைய வேகவைத்து மசித்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து, "வீக்கம் நல்லா வத்திடுச்சு" என்றும் சொன்னாள். நாத்தனார் வாயை அகலமாகத் திறக்கவில்லை. வலி பாவம் என்று அண்ணியும் வற்புறுத்தவில்லை.

அதற்கப்புறம்தான் பெண் தடுமாற ஆரம்பித்தாள்.

"தொற்று நோயாளி அறையை விட்டு வெளிய வரும்போது முதல்ல எதைக் கழட்டணும்?"

"முகக்கவசம்."

"கையுறைடீ. கையுறை முதல்ல, முகக்கவசம் கடைசியில."

"புதுப் பதிப்புல மாத்திட்டாங்க அண்ணி. மூச்சுக்குப் பக்கத்துல இருக்கிறதை முதல்ல எடுத்துடணுமாம். நான் லைப்ரரில பார்த்தேன்."

வார்டில் எல்லாருமே மூச்சு முட்டி முதலில் பிய்த்து எறிவது முகக்கவசத்தைத்தான். இரண்டு தரம் பெயிலான அண்ணிக்குத் தன் மேலே இருந்த நம்பிக்கையைவிடப் புதுப் பதிப்பின் மேலே நம்பிக்கை அதிகம். அட்டையில் வெள்ளை மை பூசி, ஊதிக் காயவைத்து, புது விடையை எழுதினாள். இப்படிப் பதினேழு அட்டைகளில் புதுப் பதிப்பு புகுந்தது. அண்ணிக்குத் தன் கவலையைவிட நாத்தனார் கவலை பெரிதாயிற்று. "இப்படிச் சொதப்புறியே" என்று அவள் தலையைக் கோதிவிட்டாள். "பயப்படாதே. உன்னை விட்டுட்டு நான் மட்டும் பாஸாக மாட்டேன்."

நாத்தனார் தலை குனிந்து அட்டையைப் பார்த்தாள்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஆஸ்பத்திரியில் துணி அறைக்காரர் அண்ணியை நிறுத்தினார். உதவியாளர்களுக்குப் பச்சை, நர்சுகளுக்கு நீலம்; இரண்டையும் அளவெடுத்துத் தைப்பவர் அவர்.

"அண்ணி, உங்க நாத்தனாரோட நீல யூனிபார்ம் ரெடி. இடுப்புல கொஞ்சம் லூஸ் வைக்கச் சொன்னாங்க, வச்சிருக்கேன். வீட்டுக்குத்தானே போறீங்க, கையோட எடுத்துட்டுப் போங்க."

"நீலமா?"

"பின்ன? லைசென்ஸ் வந்து ஒரு வாரமாச்சே. மேட்ரன் சீட்டு அனுப்பியிருக்காங்க, திங்கக்கிழமை சேர்றாங்கன்னு." அவர் முகம் மலர்ந்தது. "எல்லாம் நீங்க கொடுத்த பயிற்சின்னு பேசிக்கிறாங்க அண்ணி!"

அண்ணி நன்றி சொல்லிவிட்டு யூனிபார்மை வாங்கிக்கொண்டாள். நன்றி சொன்னது எதற்கு என்று பஸ்ஸில் பாதி வழி யோசித்தாள்.

ஆறு மணிக்கு மேஜையில் உட்கார்ந்தாள். பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, அடுக்கிலிருந்து ஓர் அட்டையை உருவினாள்.

"நோயாளி கட்டில்லேருந்து கீழ விழுந்துட்டார். முதல்ல என்ன செய்வ?"

நாத்தனார் நெற்றியைச் சுருக்கினாள். உதட்டைக் கடித்தாள். விரலால் மேஜையில் தாளம் போட்டாள். நாடகக் கம்பெனிக்காரன் பார்த்தால் அங்கேயே வேலைக்கு எடுத்திருப்பான்.

"தூக்கிக் கட்டில்ல படுக்க வைப்பேன் அண்ணி."

"அடி பட்டிருக்கான்னு பார்க்காமலா?"

"ஐயோ, ஆமா இல்ல! எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது அண்ணி."

அண்ணி பையைத் திறந்து நீல யூனிபார்மை எடுத்து, அட்டைகளின் மேல் விரித்து வைத்தாள். "இடுப்பு லூஸ் வச்சிருக்காராம்" என்றாள்.

நாத்தனார் அதைத் தொடவில்லை. டிவி சத்தம் குறைந்தது. நிர்வாகி வாசற்படியில் வந்து நின்று, யூனிபார்மைப் பார்த்தான், தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"இதை எப்படி அறிவிக்கிறதுன்னு நிர்வாகம் யோசிச்சிட்டு இருந்தது."

"எப்ப எழுதினா?"

"அது வந்து..."

"பல்லு பிடுங்கின அன்னைக்கா?"

நாத்தனாரின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"நான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன்" என்றாள் அண்ணி. "வீக்கம் வத்திடுச்சுன்னு சொன்னேன். நான் ஒரு நர்ஸ்!"

"உன் நன்மைக்குத்தான்" என்றான் நிர்வாகி. "நீ ரெண்டு தரம் பெயில். அவ முதல்ல எழுதுறான்னு தெரிஞ்சா உனக்குப் பதட்டம் வரும். அந்த இடம் வெளியாளுக்குப் போயிடக் கூடாதில்ல? யாருக்குக் கிடைச்சாலும் வீட்டுக்குத்தான வருது?"

"ஒண்ணா எழுதுவீங்கன்னு சொன்னீங்களே."

"அது கொள்கை. இது நடைமுறை."

அண்ணி நாத்தனார் பக்கம் திரும்பினாள். "எழுதினே, பாஸானே, சரி. அதுக்கப்புறமும் தினம் ஆறு மணிக்கு எதுக்குடீ என் எதிர்ல வந்து உட்கார்ந்தே?"

"திடீர்னு நிறுத்தினா உங்களுக்குச் சந்தேகம் வரும்னு அண்ணன் சொன்னார்."

"தப்புத் தப்பா சொன்னியே?"

"எல்லாம் சரியா சொன்னாலும் சந்தேகம் வரும்னு..." நாத்தனார் அழ ஆரம்பித்தாள். "நான் சொன்னா நீங்க திருத்துவீங்கன்னுதான் நினைச்சேன் அண்ணி. நீங்க அட்டையைத் திருத்துவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணி எழுந்தாள். சமையலறை மேடையில் பதினேழு அட்டைகளையும் வரிசையாகப் பரப்பி, பழைய ஊசி மூடி ஒன்றால் வெள்ளை மையைச் சுரண்டினாள். மையோடு அடியில் இருந்த பழைய விடையும் பொடிப்பொடியாக வந்தது. பாதி எழுத்துத் தெரிந்தது. மீதியை ஞாபகத்திலிருந்து நிரப்பினாள்.

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணி, எல்லாத்தையும் சுரண்டாதீங்க."

"ஏன்?"

"எல்லாம் பொய் இல்ல. சிலது நிஜமாவே புதுப் பதிப்புல மாத்தினதுதான்."

அண்ணியின் கை நின்றது. "எது எது?"

நாத்தனார் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உண்மையிலேயே நெற்றியைச் சுருக்கினாள். இந்தத் தடவை நடிப்பு இல்லை என்பது, மிக மோசமாகச் செய்ததிலிருந்தே தெரிந்தது.

"ஞாபகம் இல்ல அண்ணி."

அண்ணி ஒரு சபதம் எடுத்தாள்: சாகும்வரை இவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. நிர்வாகியோடு பேசுவதில்லை என்று தனியாகச் சபதம் எடுக்கத் தேவைப்படவில்லை. அவன் பேசும்போது மற்றவர்கள் பேச இடம் இருந்ததே இல்லை.

அடுத்த இரண்டு நாள் சாயங்காலமும் லைப்ரரியில் புதுப் பதிப்பின் முன்னால் உட்கார்ந்தாள். பதினேழில் பதினொன்றைச் சரிபார்ப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். பரீட்சை அன்று தனியாகப் பஸ் ஏறிப்போனாள். மீதி ஆறில் நான்கு கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றையும் படிக்கும்போது நாத்தனாரின் குரல் காதருகே ஒரு விடையைச் சொன்னது. அது அழுவதற்கு முந்தைய குரலா பிந்தைய குரலா என்று தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு கட்டத்தை நிரப்பினாள்.

பதினைந்தாம் நாள் கடிதம் வந்தது. தேர்ச்சி.

நிர்வாகி கூட்டம் கூட்டினான். அண்ணி போகவில்லை. நேராக மேட்ரனிடம் போய்க் கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"ரொம்ப சந்தோஷம் அண்ணி" என்றாள் மேட்ரன். "ஆனா நிரந்தர இடம்தான் நிரம்பிடுச்சே. யாராவது லீவு போட்டா நிரப்புற நர்ஸா எடுத்துக்கிறேன். அதே வார்டுதான். ஒரே ஒரு விஷயம்: இப்படி லீவுக்கு நிரப்ப வர்றவங்க முதல் மூணு மாசம் மருந்து கொடுத்தா, நிரந்தர நர்ஸ் ஒருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போடணும். உங்க நாத்தனார் இருக்காளே, என்ன கஷ்டம்?"

அண்ணி கொஞ்ச நேரம் மேட்ரன் மேஜையிலிருந்த பேனாக்களை எண்ணினாள். பிறகு சரி என்றாள். ஒன்பது வருஷம் வேறு எந்த வார்டுக்கும் போகாதவளுக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

முதல் நாள் காலை நீல யூனிபார்மில் வந்து, மூன்றாம் கட்டில்காரருக்கு மாத்திரை கொடுத்தாள். பெயரைக் கேட்டாள், கைப்பட்டையைப் பார்த்தாள், அளவை இரண்டு முறை சரிபார்த்தாள், நோயாளியின் மருந்து அட்டையில் பதிந்து கையெழுத்திட்டாள். நடந்து போய், ஒரு வார்த்தை பேசாமல், அட்டையை நாத்தனார் முன்னால் நீட்டினாள்.

நாத்தனார் வாங்கிப் படித்தாள். பேனாவைத் திறந்தாள். மறுபடியும் மூடினாள்.

"அண்ணி, மருந்து கொடுத்த நேரம் எழுதல."

"எழுதினேன்" என்றாள் அண்ணி.

எழுதியிருக்கவில்லை.