லியாகத் அலி கட்டிய மஞ்சள் விமானம்

லியாகத் அலி கட்டும் விமானத்துக்கு ஆயுசு ஒரே ஒரு பறப்புதான். தென்னேரி மைதானத்துக்கு வருகிற எல்லாருக்கும் இது தெரியும். அவர் மனைவி சித்தாராவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். உடைந்த துண்டுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு வருகிறவள் அவள்தானே!

விமானம் என்றால் ஆள் ஏறிப் போகிற விமானம் இல்லை. தரையில் நின்றபடி ரிமோட்டால் ஓட்டுகிற மாதிரி விமானம். பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பகலெல்லாம் காஞ்சிபுரத்தில் ஜரிகை வியாபாரம், கடையைச் சாத்தினால் மாடியில் விமான வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்னேரி ஏரிக்குப் பக்கத்தில், துரைக்கண்ணுவின் நிலத்தில் ஒரு கூட்டம் சேரும். அதில் பல் டாக்டர் உண்டு, லாரி ஓனர் உண்டு, காலேஜ் வாத்தியார் உண்டு. துரைக்கண்ணு பரம்பரை விவசாயி. இந்தப் பைத்தியம் பிடித்த நாளிலிருந்து அந்த நிலத்தில் ஒரு வேர்க்கடலைகூட விதைத்தவன் இல்லை.

சித்தாரா முதலில் சாப்பாட்டுக் கேரியரோடு துணைக்கு வந்தவள். சும்மா உட்கார்ந்திருக்க அலுத்துப்போய் ஒருநாள், "இப்படி குடுங்க பாக்கலாம்" என்று ரிமோட்டை வாங்கினாள். அவ்வளவுதான், விமானம் அவள் சொன்னபடி கேட்டது. ஏறு என்றால் ஏறியது, திரும்பு என்றால் திரும்பியது, இறங்கு என்றால் புல்லுக்கு வலிக்காமல் இறங்கியது. அவள் கையில் இதுவரை ஒரு ஆணிகூட வளைந்ததில்லை. "அக்கா கை ராசியான கைப்பா" என்பான் துரைக்கண்ணு. பக்கத்திலேயே நிற்கும் லியாகத் அலி அது காதில் விழாத மாதிரி வானத்தைப் பார்ப்பார்.

இந்த மஞ்சள் விமானத்துக்கு அவர் இரண்டு வருஷம் உழைத்திருந்தார். அந்தக் காலத்தில் விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் ஏறிய டைகர் மாத் விமானத்தின் அச்சு அது; மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி இறக்கை, ஆள் உயரத்தைவிட நீளம். மற்றவர்கள் மரச் சட்டத்தின்மேல் பளபளவென்று பிளாஸ்டிக் தாளைச் சூடு காட்டி ஒட்டிவிடுவார்கள். லியாகத் அலிக்கு அது பிடிக்காது. "காஞ்சிபுரத்துக்காரன் ஏரோப்பிளேனுக்கு பிளாஸ்டிக்கா சுத்துவான்?" என்று மெல்லிய பட்டு வாங்கி, நனைத்து, இழுத்துப் பிடித்து ஒட்டி, மேலே பூச்சு பூசிப் பூசிக் காயவைத்தார். தட்டினால் டம்மென்று சத்தம் வந்தது. இழுத்துப் பிடித்ததில் பாதி சித்தாராவின் கை.

பிடித்துப் பிடித்தே அவளுக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. சாதாரண ஆசை இல்லை. மாவு பிசையும்போதும் துணி மடிக்கும்போதும் அவள் கட்டைவிரல்கள் தாமாக அசையும். மனசுக்குள் அந்த மஞ்சள் இறக்கை ஏரிக்கு மேல் திரும்பிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு தடவை இதை நான் ஓட்டணும், யா அல்லா, ஒரே ஒரு தடவை!

ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டியவர்தான் முதலில் ஓட்டவேண்டும். பெரிய சூரன் வந்தாலும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். லியாகத் அலி முதலில் ஓட்டினால் அப்புறம் இரண்டாவது பறப்பு ஏது? "உங்க கையில ஒடஞ்சிடும், என்கிட்ட குடுங்க" என்று எந்தப் பெண்டாட்டி சொல்லுவாள்? அவளும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு பூச்சு பூசினாள்.

தை மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பழைய மாடல் விமானங்களுக்கென்று வருஷா வருஷம் கண்காட்சி வைப்பார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் விமானங்கள் வந்து இறங்கின. வாலாஜாபாத் வரைக்கும் சேதி போய், குஞ்சும் குளுவானுமாக ஜனம் கூடிவிட்டது. துரைக்கண்ணு கையில் மைக். கேட்கவேண்டுமா? கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி அலைந்துகொண்டிருந்தான்.

லியாகத் அலி போர்வையை விலக்கினார். ஜனம் ஆவென்றது. சித்தாராவும்தான். இறக்கைக்குப் பின்னால், உடம்பைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குத் தங்க நிறத்தில் ஒரு பட்டை மின்னியது. முந்தின நாள் சாயங்காலம் வரை அது இல்லை.

"இது எப்போங்க ஒட்டினீங்க?"

"விடியக்காத்தால. பார்டர் இல்லாத பட்டு எங்கனா இருக்குதா? அசல் வெள்ளி ஜரிகைம்மா."

"சிக்னல் இன்னொரு வாட்டி பாத்துடலாமா?"

"நேத்துதான அந்த பனமரம் வரைக்கும் நடந்து போயி பாத்தோம்? அதெல்லாம் கேக்கும், வா."

அழகாகத்தான் இருந்தது. அவளும் விட்டுவிட்டாள்.

பிஸ்மில்லா சொல்லி அவர் ரிமோட்டின் குச்சியைத் தள்ளினார். விமானம் படபடவென்று ஓடி, வாலைத் தூக்கி, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் மேலே எழுந்தது. வெயிலில் பட்டு ஒளிவிட, உள்ளே இருக்கும் சட்டங்கள் நிழலாகத் தெரிந்தன. எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு! பனைமரங்களைத் தாண்டிப் போய் அவர் அதைத் திருப்பினார்.

திடீரென்று என்ஜின் சத்தம் அடங்கியது. விமானம் தன்பாட்டுக்கு ஒரு பக்கம் சாய்ந்து வட்டமடிக்கத் தொடங்கியது. சிக்னல் அறுந்தால் அப்படித்தான் செய்யும்படி எல்லாரும் முன்கூட்டியே வைத்திருப்பார்கள். ஆனால் ஓட்டுகிறவர் லியாகத் அலி ஆயிற்றே, யாருக்கு அந்த நினைப்பு வரும்?

"பாய் ஆரம்பிச்சிட்டாருப்பா!" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

சித்தாரா மட்டும் விமானத்தைப் பார்க்கவில்லை, புருஷன் விரல்களைப் பார்த்தாள். அவர் தப்பு செய்யும்போது அந்த விரல்கள் எப்படித் தடுமாறும் என்று அவளுக்கு அத்துபடி. இன்றைக்குத் தடுமாறவில்லை.

"சிரிக்காதீங்க! அவரு சரியாத்தான் பண்றாரு, அதுதான் கேக்கல!" என்று கத்தினாள்.

விமானம் தாழ்ந்துகொண்டே சுற்றியது. அதன் மூக்கு இவர்கள் பக்கம் திரும்பியபோது என்ஜின் ஒரு கணம் உறுமியது. பக்கவாட்டில் திரும்பியதும் மறுபடி அடங்கியது. அடுத்த சுற்றிலும் அதேதான். அவளுக்குப் பொறி தட்டியது.

"என்னாங்க, மூக்கு நம்மளப் பாத்தா கேக்குது, பக்கம் காட்டினா கேக்கல. இப்ப திரும்பும் பாருங்க, அப்படியே புடிச்சு நேரா நம்ம மேலயே வுடுங்க!"

லியாகத் அலியின் முகம் வெளுத்துவிட்டது. ஏனென்றால் மனுஷன் உடைத்ததெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான். விமானம் நம்மை விட்டுப் போகும்போது அதன் வலது நமக்கும் வலது. நம்மைப் பார்த்து வரும்போது எல்லாம் தலைகீழ். அதன் வலது நமக்கு இடது. அந்தக் குழப்பத்தில் இந்தப் பக்கம் தள்ளவேண்டியதை அந்தப் பக்கம் தள்ளித் தரையில் குத்துவது அவர் வழக்கம்.

"என்னால ஆவாது. நீ புடி சித்தாரா, புடி!" என்று ரிமோட்டை நீட்டினார்.

இரண்டு வருஷ ஆசை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. பொய் சொல்வானேன், அவள் கை போகத்தான் போயிற்று. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். இத்தனை பேர் எதிரில், பாதியில் வாங்கிக்கொண்டால் இந்த மனுஷன் இனிமேல் ரிமோட்டைத் தொடமாட்டார். அது அவளுக்குத் தாங்காது.

"நீங்க கட்டினது, நீங்களே எறக்குங்க" என்று அவர் தோளோடு ஒட்டி நின்றாள். "வலது எடதுன்னு யோசிக்கவே யோசிக்காதீங்க. எந்த றெக்க தொங்குதோ அந்தப் பக்கம் குச்சியத் தள்ளுங்க. தொங்கற றெக்கைக்கு முட்டு குடுக்கறீங்க, அவ்ளோதான்."

"எல்லாரும் ஒதுங்கிக்கங்கப்பா! பாய் நேரா வர்றாரு!" என்று துரைக்கண்ணு மைக்கில் அலறினான். ஜனம் சிதறி ஓடியது.

மூக்கு திரும்பியது. என்ஜின் உயிர் பெற்றது. லியாகத் அலி பிடித்துக்கொண்டார். மஞ்சள் விமானம் நேராக இவர்களைப் பார்த்து வந்தது. ஒரு இறக்கை தொங்கியது, முட்டுக் கொடுத்தார். மறு இறக்கை தொங்கியது, அதற்கும் முட்டுக் கொடுத்தார். "அப்படித்தான், அப்படித்தாங்க" என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். சக்கரம் மண்ணைத் தொட்டது, ஒரு சின்ன எகிறல், அப்புறம் உருண்டு உருண்டு வந்து அவர்கள் எதிரில் நின்றது.

லியாகத் அலி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "முழுசா இருக்குதா?" என்று கேட்டார், கண்ணெதிரே இருப்பதை நம்பாமல்.

"முழுசா இருக்குதுங்க!"

பெங்களூர்க்காரர் ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். சிக்னல் வாங்கும் கருவி சரியாக அந்தத் தங்கப் பட்டைக்குள்தான் இருந்தது. "வெள்ளிக் கம்பிய சுத்தி சுவர் கட்டிட்டீங்களே சார். தூரமா போயி பக்கத்தக் காட்டினா சிக்னல் எப்படி உள்ள போகும்?" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். லியாகத் அலி சட்டென்று எழுந்து மார்பை நிமிர்த்தினார். "கேட்டுக்கங்கப்பா! என் ஜரிக அசலுன்னு ஏரோப்பிளேனே சொல்லிட்டுது!"

மைதானமே சிரித்தது. அவர் பிளேடை எடுத்துப் பட்டையைக் கீறி, பட்டுக்கு நோகாமல் உரித்தார். சிக்னலைப் பனைமரம் வரை நடந்து போய், மூக்கையும் வாலையும் பக்கத்தையும் காட்டிச் சோதித்தார்கள். அப்புறம் அவர் ரிமோட்டின் வாரைத் தம் கழுத்திலிருந்து கழற்றி மனைவி கழுத்தில் மாட்டினார்.

"இப்ப நீ."

"உடஞ்சா?"

"ரெண்டு வருஷமா இதையே பாத்துக்கினு இருந்த. எனக்குத் தெரியாதா இன்னா? போம்மா."

சித்தாரா ஓட்டினாள். எப்படி ஓட்டினாள் என்று இன்றைக்கும் தென்னேரியில் கேட்டால் சொல்லுவார்கள். ஏரிக்கு மேல் போனாள், தண்ணீரில் மஞ்சள் நிழல் விழத் தாழப் பறந்தாள், பனை உயரத்துக்கு ஏற்றித் தலைகீழாகப் புரட்டி ஒரு முழு வளையம் போட்டாள். மாவு பிசையும்போது மனசில் பார்த்ததைவிட நிஜம் நன்றாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் தனக்கு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. இரண்டு கையும் ரிமோட்டில், எதால் துடைப்பது?

இறக்கும்போதும் கண் கலங்கித்தான் இருந்தது. தரை எங்கே என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆள் உயரத்திலேயே தரை வந்துவிட்டதாக எண்ணி என்ஜினை அடக்கிவிட்டாள். விமானம் தொப்பென்று விழுந்தது. சக்கரம் மடங்கி, மூக்கு மண்ணில் குத்தி, முன்னால் சுழலும் காற்றாடி இரண்டாய் முறிந்து, கீழ் இறக்கையின் பட்டு டர்ரென்று கிழிந்தது.

சித்தாராவுக்குக் காலடியில் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. லியாகத் அலி விமானத்தை நோக்கி ஓடினார். குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கிழிந்த இறக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் நிக்காஹ் அன்றுகூடப் பார்த்ததில்லை.

"நான் எறக்கினேன்! இவ ஒடச்சா!" என்று கூவினார். "எல்லாரும் பாத்துக்கினீங்க இல்ல? துரை, மைக்குல சொல்லுப்பா, வாலாஜாபாத் வரைக்கும் கேக்கணும்!"

பாழாய்ப்போன துரைக்கண்ணு சொல்லியும்விட்டான். "லியாகத் பாய் பத்திரமா எறக்கின ஏரோப்பிளேன சித்தாராக்கா ஒடச்சிட்டாங்க!" ஜனம் கை தட்டிற்று, விசில் அடித்தது.

சித்தாரா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையை விரித்தாள். எப்போதும் அவள் பொறுக்குவாள், அவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். இந்தத் தடவை அவர் முறிந்த காற்றாடியைப் பொறுக்கி முந்தானையில் போட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"வளையம் போட்ட பாரு," என்றார், "நான் மூச்சு வுடல சித்தாரா."