ஒரு விரற்கடை

தச்சர் தம் பழைய காரின் இரண்டு கதவுகளையும் ஒரே நாளில் கழற்றிய திங்கட்கிழமையிலிருந்து அவர் வீட்டில் எதுவும் முழுதாக மூடவில்லை. வாசல் கதவு ஒரு விரற்கடை திறந்தே நின்றது. அலமாரியும் சர்க்கரை டப்பாவும் ஜன்னல்களும் அப்படியே. அளவுகோலை வைத்துப் பார்த்தார். எங்கும் பதினெட்டு மில்லிமீட்டர். தூங்கும்போது அவர் இமைகள் மட்டும் கொஞ்சம் சலுகை காட்டி, ஒரு நூல் அளவு திறந்திருந்தன. அதே திங்கட்கிழமை, குடல்வால் அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அவர் மனைவியின் வயிற்றில் தையல் பிரிந்தது. நர்ஸ் மறுபடி தைத்தாள். மறுபடி பிரிந்தது. காயத்தின் வாய் பதினெட்டு மில்லிமீட்டர் என்று டாக்டர் சீட்டில் எழுதினார்.

கார் அவர் ஆசைப்பட்டு வாங்கியது. மேலே தகடு, உள்ளே முழுக்க மரக்கூடு. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகப் பல வருட மழை உள்ளே போய், கதவுகளின் அடிச்சட்டம் உளுத்துக் கிடந்தது. திருப்புளியை வைத்தால் கேக்கில் இறங்குவதுபோல் இறங்கியது. “இதுல நான் ஏறுனா, நான் ரோட்டுல நிப்பேன், கார் மட்டும் போவும்,” என்று மனைவி சிரித்திருந்தாள். அவளை ஆஸ்பத்திரியிலிருந்து இதில்தான் அழைத்து வருவது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அவள் வீடு திரும்ப இருந்தது பத்து நாள். அவசரத்தில் இரண்டு கதவுகளையும் சேர்த்தே கழற்றினார். முப்பது வருடமாக வீட்டுக் கதவுகளை அப்படித்தான் கழற்றியிருக்கிறார். கதவு போனாலும் சுவர் நிற்கும். இந்தக் காரில் கதவுதான் கூட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது கதவைத் தூக்கியபோது கூடு லேசாக முனகியது. மரம் காய்கிற சத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

உளுத்த சட்டத்தை அப்படியே படியெடுத்துப் புதிய சட்டம் அறுத்தார். தொங்கிப்போனதன் படியும் தொங்கியே வந்தது. மூன்றாவது தடவை நேராக அறுத்தார். அப்போதும் கதவு ஒரு விரற்கடை மூடவில்லை. இதற்குள் ஆஸ்பத்திரி கைவிரித்துவிட்டது. மனைவி வாடகை வண்டியில் வந்து இறங்கி, சாத்தாத வாசல் கதவைப் பார்த்தாள். “நான் வருவேன்னு திறந்தே வெச்சிருந்தீங்களா?” என்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவளுடைய தம்பி கார்த் தகடு நிமிர்த்தும் டிங்கர் வேலை செய்கிறவன். அக்காவைப் பார்க்க வந்தவன் கொட்டகைக்குப் போய்க் காரைச் சுற்றி வந்தான்.

“மச்சான், ரெண்டு கதவையும் ஒண்ணாவா கழட்டுனீங்க?”

“ஆமா.”

“குறுக்க கட்டை எதுவும் குடுக்கல?”

“எதுக்கு? நிலை எழுந்து ஓடியா போவும்?”

“வீட்டுல ஓடாது. இதுல ஓடிடுச்சு.”

அவன் ஜாக்கி வைத்து நெருக்கினான், கம்பி வைத்து இழுத்தான், கிளாம்பு போட்டான். எல்லாம் கடைசி ஒரு விரற்கடையில் நின்றுகொண்டன. கிளாம்பும் அந்த வீட்டுப் பொருள்தானே. அலுத்துப்போய்த் தச்சர், காரின் கதவு மாட்டும் தூணில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். கார்க் கதவு ‘டக்’கென்று மூடியது. வீட்டுக்குள் எல்லாக் கதவுகளும் ஒரே சமயத்தில் சாத்திக்கொண்டன. “யாருங்க ஜன்னலச் சாத்துனது?” என்று மனைவியின் குரல் வந்தது. கொஞ்சம் கழித்து, “என்னங்க, வலி போச்சு,” என்றது. அவர் சந்தோஷத்தில் அவளிடம் ஓட, தோளை எடுத்தார். அவள் கத்தினாள்.

காயம் ஒட்டிக்கொள்ள ஏழு நாள் விடாமல் மூடியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். மைத்துனனும் தோள் கொடுத்துப் பார்த்தான். திறந்துவிட்டவரைத் தவிர வேறு யாருக்கும் கூடு அசையவில்லை. தச்சர் நின்றார். சோறு ஊட்டிவிட்டார்கள். கயிற்றால் தூணோடு கட்டச் சொன்னார். முடிச்சு ஒரு விரற்கடை தளர்ந்தது. மூன்றாம் நாள் மதியம் கால் மடங்கி விழுந்தார். எழுவதற்குள் காயம் பழையபடி பிளந்து, காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டாம் தடவை இரண்டு நாள் நின்றார். மூன்றாம் தடவை ஒரு நாள்கூட முடியவில்லை.

“போதும்னு சொல்லுடா,” என்று அவள் தம்பியிடம் சொல்லியனுப்பினாள். “வந்து பக்கத்துல உக்காரச் சொல்லு. நான் வீட்டுக்கு வந்ததுலேருந்து அவர் குரலத்தான் கேக்கறேன்.”

வந்து உட்கார்ந்தார். அவர் மேல் பசை நாற்றம் அடிக்கிறது என்று அவள் குறை சொன்னாள். அவருடைய தோளில் தோல் உரிந்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தாள்.

அவள் கண்கள் மூடவில்லை. தம்பி இமைகளை அழுத்திப் பிடித்தான். கையை எடுத்ததும் ஒரு நூல் திறந்துகொண்டன. வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தச்சர் எழுந்து கொட்டகைக்குப் போனார். கடைசியாக முகம் பார்க்க அவரைக் கூப்பிட்டார்கள், திட்டினார்கள், கல்நெஞ்சன் என்றார்கள். அவர் தூணில் தோளைக் கொடுத்து நின்றிருந்தார். அவள் கண்ணை மூடி, வயிறும் மூடி, போனாள்.

குழியை நிரப்பிவிட்டுத் தம்பி திரும்பி வந்தான். “முடிஞ்சுது மச்சான். விடுங்க.”

“விட்டா உள்ள கண்ணு திறந்துக்குமாடா?”

அவன் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். “உள்ள இருட்டுதான மச்சான்,” என்றான்.

தச்சர் தோளை எடுத்தார். கூடு முனகியது. வாசல் கதவு ஒரு விரற்கடை திறந்தது.

கார் இன்னும் கொட்டகையில் நிற்கிறது. சர்க்கரையில் எறும்பு வருகிறது, ஊதிவிட்டுப் போட்டுக்கொள்கிறார். காற்றடித்தால் கதவுகள் ஆடுகின்றன, சாத்திக்கொள்வதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அது பற்றி இப்போது எதுவும் கேட்பதில்லை.